மெஸ் வீட்டு அரசி

போர்ட் பிளேருக்கு வடக்கே, லாங் ஐலண்டு தீவில் மர ஆலையின் சங்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊதும். அது ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, லேபர் லைன் கடைசி வீட்டு வாசலில் இருக்கும் அரசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் தலையைக் கொடுத்துவிடுவாள். கொதிகலனில் நீராவி சீறத் தொடங்கும் மெல்லிய சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது என்பது பிறகுதான் அவள் அம்மா அலமுவுக்கு விளங்கியது. அதுவரை லைனில் அதை ஓர் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள். அதிசயம் பழகிப் போனதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பேர் சொல்லிப் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளைக்குச் சங்கு மட்டும் எப்படிக் கேட்கிறது என்றார்கள்.

முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அறுபத்தேழாம் வருஷம் அவளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. அப்பன் கோவிந்தராஜ் ஆலையில் பெரிய ரம்பத்தில் வேலை பார்த்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன். கப்பலேறி வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அலமு வீட்டிலேயே மெஸ் நடத்தினாள். பெண்டாட்டி பிள்ளைகளை மெயின்லேண்டில் விட்டு வந்தவர்களும் கல்யாணம் ஆகாதவர்களுமாகப் பன்னிரண்டு பேர் அவளிடம் சாப்பிட்டார்கள். தமிழ் ஆட்கள் எட்டு, மலையாளத்தார் இரண்டு, ஒரு தெலுங்கர், ஒரு வங்காளி. அத்தனை பேரும் ஒருவரோடொருவர் பேசுவது இந்தியில்தான்.

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினால் அலமுவுக்கு உட்கார நேரமிராது. ஆலையில் கழித்துப் போடும் படாக் மரச் சிராய்தான் விறகு. மழைக்காலத்தில் அது புகைந்து கண்ணைக் கரிக்கும். ராஷன் அரிசியில் கல் பொறுக்கி, தேங்காய் துருவி, படகு வந்து நிற்கும் ஜெட்டியில் சூரை மீனோ பாறை மீனோ வாங்கி ஆய்ந்து, பதினொன்றரைச் சங்குக்குள் குழம்பு இறங்கியாக வேண்டும்.

இந்த வேலைக்கு நடுவில்தான் அரசி. கையில் கிடைத்ததையெல்லாம் வரிசையாக வைப்பாள். சிப்பி, மரத்துண்டு, உரித்த வெங்காயம், எதுவானாலும் சரி, வாசலிலிருந்து அடுப்படி வரை நூல் பிடித்த மாதிரிப் போகும். ஒன்று நகர்ந்திருந்தால் அத்தனையையும் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வைப்பாள். பானை மூடியைச் சுழற்றிவிட்டு அது ஓய்ந்து விழும்வரை குனிந்து பார்ப்பாள். பசித்தால் அம்மா என்று கூப்பிட மாட்டாள். அலமுவின் கையைப் பிடித்து, அது ஏதோ கரண்டி என்பதுபோலக் கொண்டுபோய்ச் சோற்றுப் பானை மேல் வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். வாயில் வரும் பேச்சு ஒன்றே ஒன்று. ராஷன் கடைப் பியூன் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து "ஆகே படோ, ஆகே படோ" என்று கத்துவான், முன்னால் நகரச் சொல்லி. அதை அவன் குரலிலேயே, அவன் இழுக்கிற மாதிரியே சொல்வாள். தாகத்துக்கும் அதுதான், தூக்கத்துக்கும் அதுதான்.

பார்க்காத வைத்தியம் இல்லை. டிஸ்பென்சரி கம்பவுண்டர் பிள்ளைக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்துக் காதில் பழுதில்லை என்றார். போர்ட் பிளேரில் ஒரு டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, புத்தி மந்தம், இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பலசரக்குக் கடைக் காதரின் மனைவி ஷரீபா கறுப்புக் கயிறு ஓதி வாங்கி வந்து கையில் கட்டினாள். அரசி அதன் முடிச்சை அவிழ்த்து, நேராக நீட்டித் தரையில் வைத்துவிட்டுப் போனாள். ஷரீபாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வருஷம் மழை பிடித்த இரண்டாம் வாரம், அலமு மீன் ஆய்ந்துகொண்டிருந்த நேரத்தில் பிள்ளையைக் காணோம். தேடாத இடமில்லை. கடைசியில் கடலோரத்தில் ஆலை மரங்களைச் சங்கிலி கோத்து மிதக்கவிட்டிருக்கும் இடத்தில், ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். கரையிலிருந்து நாற்பது அடி. கட்டைகள் அலையில் மேலும் கீழும் போக, ஒவ்வொரு இடைவெளியும் விரிந்து மூடிக்கொண்டிருந்தது. கோவிந்தராஜ் குப்புறப் படுத்து ஊர்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்தான். அதில் அவன் இடது கை இரண்டு கட்டைக்கு நடுவே மாட்டி மணிக்கட்டு வீங்கிவிட்டது. பிள்ளை பயந்த மாதிரியே தெரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்களே என்று கடைசிக் கட்டையைப் பார்த்துக் கதறினாள்.

ஆலை மேனேஜர் கூப்பிட்டு, பிள்ளையைக் கட்டிப் போடு, முடியாவிட்டால் வேறிடம் பார் என்று சொல்லிவிட்டார். கோவிந்தராஜின் அண்ணன் சொக்கலிங்கம் போர்ட் பிளேரில் சர்க்கார் ஆபீசில் கிளார்க். சங்கதி தெரிந்ததும் கடிதம் எழுதினார். தென்காசிப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு மடம் இருப்பதாகவும், தீவில் மழை ஓய்ந்து ஐப்பசியில் போகிற கப்பலில் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாகவும் எழுதியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. தம்பி கையும் பிள்ளையும் சேர்ந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பதைப்பு ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

அந்த மாதிரி ஒரு மடத்தைச் சின்ன வயதில் அலமு பார்த்திருக்கிறாள். வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த ஒரு பொம்பிளை, காலித் தட்டைத் திருப்பித் திருப்பி நக்கிக்கொண்டிருந்தாள். அதைப் புருஷனிடம் சொன்னாள்.

"எல்லா மடமும் அப்படியா இருக்கும்?" என்றான் கோவிந்தராஜ். வீங்கின கையை மடியில் வைத்திருந்தான். "கட்டை நடுவுல கால் போயிருந்தா புள்ள கெடைச்சிருக்காதுளா. நீ அடுப்பைப் பாப்பியா, அவளைப் பாப்பியா?"

"ரெண்டையும் பாப்பேன். ஐப்பசி வரைக்கும் நாள் கெடக்குல்லா. அதுவரைக்கும் அவளை என் போக்குல விடுங்க."

"என்ன செய்யப் போற?"

"தெரியல," என்றாள் அலமு.

தெரியாமல்தான் தொடங்கினாள். முதல் காரியமாக வாசலுக்குப் படல் அடித்து வெளியே தாழ்ப்பாள் வைக்கச் சொன்னாள். மலையாளத்து ஆட்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்து கொடுத்தார்கள். அடுத்து, அந்த வரிசைப் பைத்தியத்தை ஒழித்துவிட்டால் பிள்ளை மனுஷர் பக்கம் திரும்பும் என்று நினைத்தாள். சிப்பியையெல்லாம் அள்ளிக் கடலில் கொட்டினாள். அரசி அன்று முழுக்கத் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். தடுக்கப் போன அலமுவின் மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவைத்தாள். ஆத்திரத்தில் அலமு ஓங்கி ஒரு அறை விட்டாள். ஐந்து விரலும் பதிந்துவிட்டது. பிள்ளை அழவில்லை. அந்த அறையை வாங்கிக்கொண்டு, அழுக்குத் துணி மூட்டையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை வைக்கத் தொடங்கினாள். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் தாங்களே உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் நாலைந்து நாள் அலமு எதையும் முயன்று பார்க்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் காற்றும் மழையும் சேர்ந்து ஆலையை நிறுத்திவிட்டது. ஆட்கள் சாப்பிட வர நேரமாகும். கழுவி வைத்திருந்த பன்னிரண்டு அலுமினியத் தட்டுகளை அரசி எடுத்துத் தாழ்வாரத்தில் வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஆணியால் குத்தின அடையாளம் உண்டு, ஆளாளுக்கு ஒன்று. கை ஓய்ந்திருந்த அலமு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையை என் பக்கம் இழுத்து இழுத்துப் பார்த்தாயிற்று, ஒரு தடவை அவள் பக்கம் போய் உட்கார்ந்தால்தான் என்ன என்று தோன்றியது. எழுந்து போய்ப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தட்டை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள்.

அரசி அதைத் தள்ளிவிட்டாள். அலமு மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளினாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். தினமும் காலைச் சங்குக்கும் குழம்பு கூட்டுவதற்கும் நடுவில் ஒரு நாழிகை நேரம். பிள்ளை தட்டை எப்படி வைக்கிறதோ அப்படியே வைத்தாள். மூடியைச் சுற்றினால் தானும் ஒரு மூடியைச் சுற்றினாள். அவள் உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடினால் தானும் ஆடினாள். லைனில் பார்த்தவர்கள் மகளுக்குப் பிடித்தது அம்மாவுக்கும் தொற்றிவிட்டது என்றார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் வைத்த தட்டை அரசி தள்ளவில்லை. கொஞ்சம் கோணலாக இருந்ததை விரலால் நிமிர்த்திவிட்டு, அடுத்த தட்டை எடுக்கப் போனாள். வரிசை கலைந்துவிடக் கூடாதென்று அலமு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகுதான் அவளுக்கு வழி புலப்பட்டது. தட்டுகளை அடுக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அரசி வந்து கையை நீட்டினால் ஒன்று கொடுப்பாள். பதினொன்று கொடுத்த பிறகு பன்னிரண்டாவதை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். கொடுக்க மாட்டாள். பேசவும் மாட்டாள். முதலில் அரசி தட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கத்தினாள், "ஆகே படோ" என்று பியூன் குரலில் அதட்டினாள். அலமு காத்திருந்தாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்த நாளிலும் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் அரசியின் கண் தட்டிலிருந்து மெல்ல ஏறி, தட்டின் விளிம்புக்கு மேலே இருந்த அம்மாவின் கண்ணில் வந்து நின்றது. கோழி கொத்துகிற நேரம்தான். அந்தக் கணமே அலமு தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டாள். ஆவணி முடிவதற்குள் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பார்வை கிடைத்தது.

இதைக் கோவிந்தராஜிடம் சொன்னபோது, தட்டைத்தானே பார்க்கிறாள் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அலமுவுக்கும் ராத்திரி படுத்தால் அந்தச் சந்தேகம் வரும். காலையில் எழுந்து மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள்.

காதரின் மகள் நசீராவுக்கு ஆறு வயது. வாய் ஓயாத பிள்ளை. கருவாடு கொடுத்துவிட்டு வரும்படி ஷரீபா அனுப்பினால், கொடுத்துவிட்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பாள். ஒரு நாள் அலமு அரிசி களையப் போயிருந்த நேரத்தில் அவள் தானாகவே வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வரிசையின் பின்கோடித் தட்டை எடுத்து, சுற்றிக்கொண்டு ஓடி, முன்கோடியில் வைத்து, "ஆகே படோ" என்றாள்.

அலமு களைந்த அரிசியோடு வாசலில் நின்றுவிட்டாள். வரிசையில் கை வைத்தாயிற்று, இனிச் சுவரில் முட்டுவாள் என்று ஓடப் பார்த்தாள். அரசி முட்டவில்லை. பின்கோடியில் விழுந்த காலி இடத்தைப் பார்த்தாள். முன்கோடியில் முளைத்த தட்டைப் பார்த்தாள். பின்கோடியில் இப்போது எது கடைசியோ அதை எடுத்துக்கொண்டு, தத்தித் தத்தி முன்னால் வந்து, நசீரா வைத்ததற்கு அடுத்ததாக வைத்தாள்.

"ஆகே படோ," என்றாள். பியூன் குரல் இல்லை அது. சின்னக் குரல்.

நசீரா அடுத்ததை எடுத்தாள். அரசி அதற்கடுத்ததை. தட்டு வரிசை தாழ்வாரத்தைக் கடந்து, படல் வரைக்கும் நடந்துபோய், அங்கே திரும்பி அடுப்படிக்கு வந்தது. ஒரு தடவை இரண்டு பிள்ளைகளின் கையும் ஒரே தட்டில் பட்டுவிட்டது. நசீரா கையை எடுத்துக்கொண்டு, "சரி, நீ வை," என்றாள். அரசி சிரித்தாள். மூடி சுற்றும்போது தனக்குள்ளேயே சிரிக்கிற சிரிப்பை அலமு பார்த்திருக்கிறாள். எதிரில் ஓர் ஆள் இருக்கும்போது அந்த ஆளுக்காகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நசீரா தினமும் வந்தாள். பொழுதுக்கும் அதே விளையாட்டு ஆடி அவளுக்கு அலுத்துப் போகும் நாளில் திட்டிவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் வருவாள். புரட்டாசியில் அரசி தட்டுகளை ஆள் பார்த்து வைக்கத் தொடங்கியிருந்தாள். மூன்று புள்ளி சிவஞானத்துக்கு, பிறை வங்காளிப் பிஸ்வாஸுக்கு, சிலுவை மலையாளத்துத் தோமாவுக்கு. ஆள் உட்கார்ந்ததும் அவர் முன்னால் அவர் தட்டை வைப்பாள். பிஸ்வாஸ் தன் இடத்தில் உட்காராமல் ஒரு நாள் வேடிக்கைக்காக இடம் மாறி உட்கார்ந்தார். அரசி தட்டை வைத்துக்கொண்டு நின்று, தரையில் உருண்டு அழுது, அன்றைய சாப்பாட்டையே குலைத்துவிட்டாள். பிஸ்வாஸுக்கு முகம் செத்துவிட்டது. "மாஃப் கரோ பேட்டி," என்று பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். முன்னேற்றம் என்றால் அப்படித்தான் இருந்தது. நாலு நாள் முன்னால், மூணு நாள் பின்னால்.

ஐப்பசி பிறந்ததும் சொக்கலிங்கத்தின் கடிதம் வந்தது. கப்பலில் இரண்டு டிக்கெட் சொல்லியாகிவிட்டது, வியாழக்கிழமை படகில் வருகிறேன், பிள்ளையின் துணிமணியைக் கட்டி வையுங்கள் என்று எழுதியிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் ஆட்கள் டீ குடித்துவிட்டுப் போன பிறகு கோவிந்தராஜ் அதைப் படித்துக் காட்டினான்.

"துணி கட்டலியா?" என்றான்.

"கட்டல. நான் அனுப்பல."

"அண்ணன் அம்புட்டுத் தூரம் வாராவ."

"வரட்டும். மீன் எடுத்துக் கொழம்பு வைக்கேன். சாப்பிட்டுட்டுப் போவட்டும்."

கோவிந்தராஜ் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "தட்டு வைக்கா, சிரிக்கா, எல்லாம் சரி. நானும் பாக்கத்தான செய்யுதேன். ஆனா அவ இன்னும் அம்மாங்கல, அப்பாங்கல. நாளைக்கு நாம செத்துட்டா இவளை யாரு பாப்பா? அதைச் சொல்லு."

அலமு அடுப்புத் தணலைத் தள்ளி அணைத்தாள். "ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. அவ பேசிருவான்னு நான் அவளை வச்சிக்கிடல. பேசினாலும் பேசாட்டாலும், கடைசி வரைக்கும் தட்டுதான் வைப்பான்னாலும், இந்த வீட்டுலதான் வைப்பா. நாம செத்த பிறவு என்ன செய்யன்னு சாவுறதுக்குள்ள யோசிப்போம். இப்பவே கொண்டு போய்ச் சங்கிலியில விட்டா, அது நாம உயிரோட இருக்கும்போதே சாவுறதுதான்."

"அண்ணன்கிட்ட யாரு சொல்ல?"

"நான் சொல்லுதேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

கோவிந்தராஜ் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். காலையில் ஆலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, மழையில் தொங்கிப்போயிருந்த படலின் கீலை ஆணி அடித்து இறுக்கினான்.

படகு பத்து மணிக்கு வந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஜெட்டியில் பாதி ஊர் கூடியிருந்தது. ராஷன் மூட்டை, தபால் பை, ரங்கத் ஊருக்குப் போகிற ஆட்கள், மண்ணெண்ணெய் டின். கூட்டமும் இரைச்சலும் அரசிக்கு ஆகாது. வீட்டிலேயே நசீராவோடு விட்டுவரத்தான் அலமு நினைத்தாள். ஆனால் அத்தான் சொக்கலிங்கத்தின் முகத்தில் விழிக்கும்போது பிள்ளை தன் இடுப்பருகே நிற்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கூட்டி வந்தாள். அரசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நின்றாள். கோவிந்தராஜ் சொன்னபடி பக்கத்தில் நின்றான்.

சொக்கலிங்கம் படகின் முன்பக்கம் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. அவருக்குப் பின்னால் யாரோ ஏற்றி வந்த ஒரு வெள்ளாட்டுக் கிடாய். அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியை அது வாயில் வைத்து நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. பாதித் துண்டு உள்ளே போயிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. தம்பியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். எல்லோரும் கயிற்றை வீசுவதிலும் பிடிப்பதிலும் இருந்தார்கள்.

அலமு, அத்தானிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். மன்னிச்சிருங்க அத்தான் என்று தொடங்குவதா, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருங்க என்று நேரே சொல்லிவிடுவதா என்று தெரியவில்லை. அப்போது முந்தானையை யாரோ இழுத்தார்கள். அரசிக்குத் தாகம்போல, கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பாட்டிலுக்குக் கொண்டுபோவாள் என்று கையைத் தளர விட்டாள்.

கை இழுபடவில்லை. அரசி காதிலிருந்து ஒரு கையை எடுத்திருந்தாள். அந்தக் கையின் ஆள்காட்டி விரல் நீண்டு, படகின் மேல், ஆட்டின் மேல் நின்றது. அவளுக்கு அந்த ஆடு வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் போக ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. விரலை நீட்டியபடியே அண்ணாந்து அலமுவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஆட்டைப் பார்த்தாள். மறுபடி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், நீயும் பார்த்தாயா என்று கேட்கிற மாதிரி. தட்டு எதுவும் நடுவில் இல்லை.

அலமு சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. கோவிந்தராஜ் என்ன என்று குனிந்தான். பேச முடியாமல் பிள்ளையின் விரலைக் காட்டினாள். அவன் அந்த விரலைப் பார்த்தான். விரல் போன வழியே ஆட்டைப் பார்த்தான். பிறகு மகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

படகு ஜெட்டியில் இடித்து நின்றது. சொக்கலிங்கம் எழுந்ததும் துண்டு பின்னால் இழுத்தது. திரும்பிப் பார்த்து ஆட்டோடு மல்லுக்கட்டி, எச்சில் சொட்டும் பாதித் துண்டோடு படியேறி வந்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"பிள்ளை துணிமணி எங்கடா?" என்றார் தம்பியிடம்.

அலமு வாயைத் திறப்பதற்குள் கோவிந்தராஜ் பேசிவிட்டான். "அவ வரலண்ணே. வீட்டுக்கு வாங்க, சாப்பிடுவோம். ஒங்களுக்குன்னு ஒரு தட்டு ஆணி குத்தி வைக்கணும், இல்லன்னா அவ சோறு போட விடமாட்டா."

சொக்கலிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எச்சில் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். குடையை விரித்தார். நால்வரும் வெயிலில் லைனைப் பார்த்து நடந்தார்கள். அரசி நடக்கவே மாட்டேன் என்று திரும்பித் திரும்பி ஆட்டைக் காட்டிக்கொண்டே வந்தாள். அவள் காட்டின ஒவ்வொரு தடவையும் அலமு நின்று, திரும்பி, ஆட்டைப் பார்த்தாள்.